வெந்நீர் கேட்டது யார்?

லாரியிலிருந்து இறக்கியபோது, அவை தண்ணீர்த் தொட்டிகள் என்றுதான் மாதாகுப்பத்துப் பெண்கள் நினைத்தார்கள். ஒவ்வொன்றும் ஆள் நீளத்துக்கு, வெள்ளை வெளேரென்று, உருளையாக இருந்தது. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த புது வீடுகளுக்கு இன்னும் குழாய் வரவில்லை. தெருமுனை அடிபம்பில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் லாரி வந்தால் உண்டு. அதனால் வேலம்மாள் அந்தத் தொட்டிகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டே விட்டாள்.

"தண்ணித் தொட்டி இல்லம்மா இது. வெந்நீர் போடற மெஷின். மாடி மேல வெச்சா வெயில்லயே தண்ணி சுட்டுக்கும். கரண்ட் வேணாம், விறகு வேணாம்" என்றான் இறக்கியவன்.

மாசி மாதம். மணல் அப்போதே காலைச் சுட்டுக்கொண்டிருந்தது. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

"மத்தியானத்துல பம்பு அடிச்சாலே வெந்நீர்தானே கொட்டுது!" என்றாள் சவரியம்மாள்.

அற்புதமேரி சிரிக்கவில்லை. மரக்காணம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் அவள். சிரிக்கிற இடத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவள். அன்றைக்கு அவளுக்கு வயிறு எரிந்தது.

காரணம் இருந்தது. புது வீட்டுச் சமையலறைக்குக் கையகல ஜன்னல் ஒன்று, அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. வீடு கட்டும்போதே அவள் இன்ஜினியரிடம் கேட்டாள், "புகை எந்தப் பக்கம் போவும் சார்?" என்று. "இனிமே விறகு எதுக்கும்மா? எல்லாருக்கும் கேஸ் வந்துடும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கேஸ் வரவில்லை. பெண்கள் எப்போதும்போலச் சவுக்குத் தோப்பில் மிளாறு பொறுக்கி, உப்பளத்து ஓரம் வேலிக்காத்தான் வெட்டி, அதைத்தான் எரித்தார்கள். ஓலைக் கூரையாக இருந்தபோது புகை கீற்றின் வழியே கசிந்து வெளியேறிவிடும். கான்கிரீட் அதை விடாது. மேலே போய் முட்டிய புகை அப்படியே திரும்பி இறங்கி, கூடத்துக்கும் படுக்கிற அறைக்கும் வந்தது. வெள்ளை அடித்த சுவர் குடி வந்த சில வாரத்திலேயே கறுத்தது.

சுவர் கறுத்தால் போகட்டும். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவள் மகள் சகாயசெல்வியின் குழந்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. ஜெனிஷ் என்று பெயர் வைத்து ஞானஸ்நானம்கூட இன்னும் கொடுக்கவில்லை. உதடு நீலம் பாரித்துப்போன பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டான். "புகை இருக்கற வீட்ல இந்தக் குழந்தையை வெச்சுக்கவே கூடாது" என்று டாக்டரம்மா சொன்னதைச் சம்பந்தியம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே மகளையும் பேரனையும் சம்பந்தி வீட்டார் தங்கள் ஊரான பெருமுக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல புள்ளைய வெச்சிக்க முடியாதுங்க" என்றாள் சம்பந்தியம்மா. மரியாதையாகத்தான் சொன்னாள். அதனாலேயே அது அற்புதமேரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பெற்ற மகளுக்குத் தாய்வீடு ஆகாது என்றால், அது என்ன வீடு?

இப்போது அந்த வீட்டு மாடியில் வெந்நீர் மெஷின் வரப்போகிறது.

வீடுகளைக் கட்டிக்கொடுத்த தொண்டு நிறுவனத்தின் சார்பில் குப்பத்துக்கு வந்துபோகிறவள் பூவிழி. கிளியனூர்க்காரி. ஸ்கூட்டியில் வந்து இறங்கியவளை அற்புதமேரி அடிபம்பு அருகிலேயே மறித்தாள்.

"ஏம்மா, மாடிக்குத் தண்ணி எப்படிப் போவும்? மோட்டார் இருக்குதா?"

"குழாய் அடுத்த கட்டத்துல வரும்கா. அதுவரைக்கும்..." பூவிழி தயங்கினாள்.

"அதுவரைக்கும் நாங்க குடத்தைத் தூக்கினு ஏணி ஏறணுமா? மேல கொண்டுபோய் ஊத்தி, சுட வெச்சு, கீழ புடிச்சிக் குளிக்கணுமா? யாரு குளிக்கிறது? கடல்லேர்ந்து வர்றவன் பச்சத்தண்ணி எங்கன்னு கேக்கறான். புள்ள பெத்தவளும் காயலாக்காரனும்தான் வெந்நீர் கேப்பாங்க. புள்ள பெத்தவளத்தான் புகை தொரத்திடுச்சே! வெந்நீர் கேட்டது யாரு?"

பூவிழி ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். கோபப்படவில்லை. ஆனால் அவள் சொன்னதைக் கேட்டு அற்புதமேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா, நாங்களா முடிவு பண்ணல. வெளிநாட்லேர்ந்து பணம் தர்றவங்க ரெண்டு விஷயம் சொன்னாங்க. கரியும் புகையும் குறையணும், அதான் அவங்க நோக்கம். ஒண்ணு, குழாய் வெச்ச புகையில்லா அடுப்பு. இன்னொண்ணு இந்த சோலார் ஹீட்டர். எது வேணும்னு கிறிஸ்மஸுக்கு முன்னாடியே உங்க குப்பத்து வீட்டுக் கமிட்டியைக் கேட்டோம். நான் அடுப்புன்னுதான் சொல்லுவாங்கன்னு நெனச்சேன். அத்தனை பேரும் ஹீட்டர்னு கை தூக்கிட்டாங்க."

"கமிட்டின்னா?"

"தலைவர் அருள்பிரகாசம், அப்புறம்..." பூவிழி நிறுத்தினாள். "உங்க வீட்டுக்காரரும் இருந்தாருக்கா."

அற்புதமேரியின் வீட்டுக்காரன் மரியதாஸ் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். அற்புதமேரி மணலில் நடந்து வந்த வேகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நகர்ந்தார்கள்.

"யோவ், அடுப்பா ஹீட்டரான்னு கேட்டாங்களாமே. நீ இன்னா சொன்ன?"

அவன் வலையைக் கீழே போடவில்லை. "எல்லாரும் கை தூக்கினாங்க, நானும் தூக்கினேன். இப்ப இன்னான்ற?"

"என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"ஏமே, கமிட்டில பேசறதயெல்லாம் வீட்ல வந்து கேக்கணுமா?" சொன்ன பிறகு அவனுக்கே அது சரியாகப் படவில்லை. குரலை இறக்கினான். "இத பாரு. படத்துல காட்னாங்க. மண்ணுல ஒரு அடுப்பு, அதுல ஒரு பைப்பு. இருந்ததெல்லாம் கடல் எடுத்துனு போச்சு. படகு போச்சு, அம்மா போச்சு. ஒரு வருசமா தார் ஷீட்டுக் கொட்டாயில வெந்தோம். அத்தனையும் பட்டுட்டுக் கடைசில மண்ணடுப்பு குடுங்க சாமின்னா கேக்கச் சொல்ற? பாண்டில பெரிய வீட்டு மாடிலதான் நான் அந்த ஹீட்டரப் பார்த்திருக்கேன். நம்ம மாடிலயும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு தோணிச்சு."

அற்புதமேரிக்கு அவன் சொன்னது புரியாமல் இல்லை. சுனாமிக்குப் பிறகு வந்து குவிந்த பழந்துணி மூட்டைகளைக் கிளறியபோது அவளுக்கும் அப்படித்தான் கூசியது. ஆனாலும் கோபம் தணியவில்லை. புரிந்ததால் இன்னும் ஏறியது.

"உன் மானத்த மாடில வெச்சுக் காட்டறதுக்கு என் கண்ணு அவியணுமா? அந்த அடுப்பு முன்னாடி குந்தறது நீயா, நானா? உன் பேரன் உதடு நீலமாச்சே, அப்ப நீ எங்க இருந்த? ஆஸ்பத்திரிலதானே இருந்த? அப்பக்கூட 'நான்தான் அடுப்பு வேணாம்னு கை தூக்கினேன்'னு உன் வாயில வரலியே!"

அவன் வலைக்கண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவில் வளாகத்துப் புங்கமரத்தடியில் கமிட்டி கூடியது. அன்று அற்புதமேரி, சவரியம்மாள், வேலம்மாள், இன்னும் தெருவில் பாதிப் பெண்கள் வந்து நின்றார்கள். வேலம்மாள் வீட்டுக்காரர் உப்பளத்தில் வேலை செய்கிறவர். மாதா கோவிலுக்கு அல்ல, மாரியம்மன் கோவிலுக்குப் போகிற வீடு அவர்களுடையது. ஆனால் புகைக்கு எந்தக் கோவில் என்று தெரியாதே. அவள் வீட்டுச் சமையலறையும் அதே கறுப்புதான்.

தலைவர் அருள்பிரகாசம் பெரிய குரல்காரர் இல்லை. எல்லாவற்றையும் முடிந்துபோன விஷயமாகப் பேசுவது அவர் வழக்கம்.

"ஏம்மா அற்புதம், முடிவாயிடுச்சும்மா. சாமான் வந்து இறங்கிடுச்சு. ஈஸ்டர் முடிஞ்சு அவங்கள்லாம் வெளிநாட்லேர்ந்து திறப்பு விழாவுக்கு வர்றாங்க. இப்ப போய் வேணாம்னா நாளைக்கு எதுவுமே குடுக்கமாட்டாங்க."

"அண்ணே, முடிவு பண்ணீங்களே, உங்க வீட்டு அடுப்ப நீங்க கடைசியா பத்த வெச்சது எப்ப?"

சிரிப்புச் சத்தம் கேட்டது. அருள்பிரகாசத்தின் முகம் இறுகியது. "பொம்பளைங்க ஆளுக்கு ஒண்ணு கேப்பீங்க. அதுக்குத்தான் கமிட்டின்னு ஒண்ணு வெச்சிருக்குது."

அந்தச் சொல்தான் காரியத்தைக் கெடுத்தது. அதுவரை அற்புதமேரியின் கோபமாக இருந்தது, அந்த இடத்தில் எல்லோருடைய கோபமாகவும் ஆகிவிட்டது. சவரியம்மாள்தான் முதலில் சொன்னாள். "சரி. ஹீட்டர் கேட்டவங்களே அடுப்பையும் பத்த வெச்சிக்கட்டும். இனிமே அந்த ரூம்ல நான் கால வெக்கமாட்டேன்."

"நானும் மாட்டேன்" என்றாள் வேலம்மாள்.

"தவக்காலந்தானே? சமைக்கத் தெரியாதவங்க ஒருவேளை சாப்பிட்டு ஒருசந்தி இருங்க" என்று அற்புதமேரி சொல்ல, பெண்கள் அப்படியே கலைந்து போனார்கள்.

விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் ஆண்கள் நினைத்தார்கள். மறுநாள் காலை எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பெண்கள் சவுக்குத் தோப்பு ஓரம் கல் கூட்டி, பெரிய அண்டாவில் தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் கஞ்சி காய்ச்சினார்கள். ஆண்களுக்கு ஒரு கரண்டி கிடையாது.

"கடல்ல சமைக்காத சமையலா?" என்று மரியதாஸ் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். படகில் காற்று நாலு பக்கமும் அடிக்கும். இங்கே சுவர்கள்தான் நாலு பக்கமும். மிளாறு பற்றிக்கொள்வதற்குள் அறை புகையால் நிரம்பிவிட்டது. ஊதினான், இருமினான், மறுபடியும் ஊதினான். உலை கொதிக்கும் முன்னே கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்து விழுந்தான். அற்புதமேரி எதிரே நின்று மீன் கூடையை அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் எடுத்துக் கொடுக்க அவளுக்குக் கை துடித்தது. கொடுக்கவில்லை.

அடுத்த நாள் அடுப்பை வெளியே எடுத்து வைத்தான். கடற்காற்றில் சோறெல்லாம் மணல். தெரு முழுக்க ஆண்கள் அப்படித்தான் வெளியே குந்தியிருந்தார்கள்.

"வெளியவே சமைச்சிக்கலாமே, இன்னா இப்போ?" என்றான் அவளிடம்.

"சமைக்கலாமே. ஐப்பசி மழைலயும் இங்கியே குந்து."

மூன்றாம் நாள் அருள்பிரகாசம் மரக்காணம் கடைத்தெருவில் பரோட்டா பொட்டலத்தோடு நிற்பதை மீன் விற்ற பெண்கள் பார்த்தார்கள். பார்த்தது போதும்.

விஷயம் நிறுவனத்தின் மேலதிகாரி தேவநாதன் காதுக்குப் போய், அவர் ஜீப்பில் வந்து இறங்கினார். பூவிழி பின்னால் முகம் வெளுத்து நின்றாள். அவர் கோபமாகத்தான் ஆரம்பித்தார். ஹீட்டருக்கென்று வந்த உதவியை வேறு எதற்கும் திருப்ப முடியாது என்றார். ஹீட்டர் வைத்தால் விறகு குறையும், விறகு குறைந்தால் காற்றில் கரி குறையும், உலகத்துக்கே நல்லது என்றார்.

"உலகத்துக்கு நல்லது பண்ணுங்க சார், வேணான்னு சொல்லல" என்றாள் அற்புதமேரி. "ஆனா எங்க வீட்ல விறகு வெந்நீருக்கா எரியுது? சோத்துக்கும் கொழம்புக்கும் எரியுது. எரியாத விறக நீங்க எப்படி சார் குறைப்பீங்க? ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்க அடுப்படிக்கு வந்து பார்த்துட்டு இந்த மெஷின வாங்கினீங்களா?"

தேவநாதன் கமிட்டியைத் திரும்பிப் பார்த்தார். "நாங்க கேட்டோமே. உங்க ஆளுங்கதானே தலைவரே..."

அருள்பிரகாசம் வாய் திறப்பதற்குள் மரியதாஸ் எழுந்தான். கண் இன்னும் சிவந்திருந்தது. "எங்களத்தான் கேட்டீங்க. நாங்கதான் ஹீட்டர்னு சொன்னோம். தப்பாச் சொல்லிட்டோம் சார். மாத்திக் குடுங்க."

அவன் அதைச் சொன்னபோது அற்புதமேரி அவனைப் பார்க்கவில்லை. இதை ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கலாம் என்ற எரிச்சல் அவளுக்கு அப்போதும் இருந்தது.

வழி கண்டுபிடித்தவள் பூவிழி. மேலதிகாரி முன்னாலேயே பேசினாள். ஹீட்டர் ஒன்றுகூட இன்னும் மாட்டவில்லை; பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரிகளும் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதிகளும் தினம் அண்டா அண்டாவாக வெந்நீர் போடுகின்றன; அங்கே கொடுத்தால் உண்மையாகவே விறகு மிஞ்சும்; அடுப்பும் பணம் தருகிறவர்கள் முதலில் சொன்ன இரண்டில் ஒன்றுதானே, எழுதிக் கேட்கலாமே. தேவநாதன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் என்று ஜீப்பில் ஏறினார். பதில் வருவதற்குள் ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு வந்துவிட்டது. அதுவரை தோப்பு ஓரத்து அண்டா இறங்கவில்லை. ஆண்களுக்கும் அதிலிருந்து ஊற்றத் தொடங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் விறகு பொறுக்குவது அவர்கள் வேலை என்று ஆனது.

சம்மதம் வந்தது. இந்த முறை அடுப்பைப் படத்தில் காட்டிக் கை தூக்கச் சொல்ல அற்புதமேரி விடவில்லை. கோவில் திடலில் மூன்று வகை அடுப்பை வைத்து எரித்துப் பார்த்தார்கள். தூக்கிக்கொண்டு போகிற இரும்பு அடுப்பு, இரண்டு பானை வைக்கிற குழாய் வைத்த மண்ணடுப்பு, அப்புறம் பூவிழி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கேஸ் அடுப்பு. கேஸில் டீ கொதித்த வேகத்தைப் பார்த்து எல்லோருக்கும் ஆசைதான். "சிலிண்டர் தீர்ந்தா திண்டிவனத்துலேர்ந்து யாருடி தூக்கினு வருவா?" என்று வேலம்மாள் கேட்டாள். வாங்க முடிந்தவர்கள் பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இரும்பு அடுப்பில் விறகு குறைவாகத்தான் எடுத்தது. ஆனால் புகை மூஞ்சிக்கே வந்தது. மண்ணடுப்பில் ஒரே தீயில் முன்னால் சோறு, பின்னால் குழம்பு. புகை குழாய் வழியே மேலே போனது. சவரியம்மாள் குழாயின் வாய்க்கு மேலே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, ஊர்கோலம் மாதிரி அடுப்பைச் சுற்றி வந்தாள்.

"தகரக் குழாய் வேணாம். இந்த உப்புக் காத்துக்கு ஒரு மழை தாங்காது. சிமெண்ட் குழாயா குடுங்க" என்றாள் அற்புதமேரி.

கூரையில் ஓட்டை போட்டால் ஒழுகும் என்று இன்ஜினியர் மறுத்தார். அப்படியானால் சுவரைத் துளைத்து வெளியே எடுத்து மேலே ஏற்றுங்கள் என்று பெண்கள் சொன்னார்கள். கட்டின வீட்டை இடிக்கக் கூடாது என்று அவர் மறுபடி இழுத்தார். அன்று மாலையே மரியதாஸ் கடப்பாரையை எடுத்துத் தன் வீட்டுச் சமையலறைச் சுவரில் முதல் இடி இடித்தான். பிறகு அனுமதி கேட்க எதுவும் இருக்கவில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் சகாயசெல்வி குழந்தையோடு வந்தாள். சம்பந்தியம்மாவும் கூட வந்தாள். வந்தவள் நேரே அடுப்படிக்குப் போய் நின்று, சோறு வடிக்கிறவரை அங்கேயே இருந்து பார்த்தாள். "இப்ப சரிங்க" என்றாள். அற்புதமேரி தலையை ஆட்டினாள். அழுகை வந்தது. அதைப் புகைமேல் போடவும் இப்போது முடியவில்லை.

திறப்பு விழாவும் நடந்தது. வெள்ளைக்காரர்கள் வந்து அடுப்பைப் படம் எடுத்தார்கள். கமிட்டியின் தொலைநோக்கு என்று தேவநாதன் மைக்கில் பேசினார். அருள்பிரகாசத்துக்குச் சால்வை போட்டார்கள். அவரும் போர்த்திக்கொண்டார். மரியதாஸ் நெளிந்தபடி மனைவியைத் தேடினான். அற்புதமேரி பந்தலின் கடைசியில், பெண்களுக்கு விரித்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அங்கேயே எழுந்து கத்திவிடலாம் போல இருந்தது. பூவிழியின் வேலைக்கு ஆபத்து வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மழைக்காலத்துக்கு முன் தெருக்குழாய் எங்கெங்கே வைப்பது என்று முடிவு செய்யக் கமிட்டி கூடியது. அருள்பிரகாசமும் மற்றவர்களும் புங்கமரத்தடிக்கு வந்தபோது நாற்காலிகளில் அற்புதமேரி, சவரியம்மாள், வேலம்மாள் மூவரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாம்மா இது? உங்கள யாரும் கூப்பிடலியே" என்றார் அருள்பிரகாசம்.

"கூப்பிடமாட்டீங்கன்னு தெரியும்ணே" என்றாள் அற்புதமேரி. "குந்துங்க. மொதல் குழாய் எங்க வரணும்னு சொல்றேன்."